தட்டைத் திருப்பிப் பார்த்தவள்

அன்புள்ள அத்தைக்கு,

மிசாவோ வணங்கி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கடிதம் ஹிசானோ அக்காவின் கடைக்குத்தான் வரும். தலைக்குச் சாயம் போட நீங்கள் அங்கே போகும்போது அவர் உங்கள் கையில் கொடுப்பார். அங்கேயே படித்து, அங்கேயே கிழித்து, வெட்டிய முடியோடு சேர்த்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் மகன் உங்கள் கைப்பையையும் திறந்து பார்ப்பார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உறையில் இருக்கும் தபால் முத்திரை நான் இருக்கும் இடத்துடையது இல்லை. இங்கே வேலை செய்யும் ஒரு அம்மாள் கண் வைத்தியத்துக்குப் பெரிய ஊருக்குப் போகிறார், அவர் அங்கே போய்ப் போடுவார்.

இங்கே மலையில் இலைகள் சிவந்துவிட்டன. காலையில் ஆற்றுக்கு மேலே ஆவி நிற்கிறது. நீங்கள் கொடுத்த பழுப்பு கோட்டைத்தான் போட்டிருக்கிறேன். கை கொஞ்சம் குட்டை, ஆனாலும் கதகதப்பாக இருக்கிறது. பையில் நீங்கள் விட்டுவைத்த இருமல் மிட்டாயை இன்னும் எடுக்கவில்லை.

அன்று நீங்கள் அந்தப் பயணப் புத்தகத்தை என் மடியில் போட்டு, “ஒண்ணைப் பாத்து எடு. இன்னிக்கே கிளம்பு” என்றீர்கள். தேனிலவுக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல இருந்தது. ஆனால் உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. பேருந்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் புரட்டினேன். பனிக்கு நடுவே ஆவி பறக்கும் குளங்கள், சிவப்புப் பாலம், வரிசையாக விளக்குகள். எந்த விடுதியில் மீன் நன்றாக இருக்கும், எந்த ஜன்னலிலிருந்து மலை தெரியும், எந்தத் தண்ணீர் தோலுக்கு நல்லது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை. எத்தனை வழி இருக்கிறது? சமையலறையிலிருந்து வாசல் தெரியுமா? சாப்பாடு யாருடைய தட்டில் வைக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு விடுதி வேலைதான், அத்தை. படுக்கை விரிக்கவும், தட்டு அடுக்கவும், மண்டியிட்டுக் கதவை நகர்த்தவும் கல்யாணத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டவள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காமல் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற இடம் ஒரு பெண்ணுக்கு வேறு எது இருக்கிறது? ஆனால் உங்கள் மகனுக்குத் தொழிலே விடுதிகளுக்குப் பீங்கான் விற்பது. நான் ஒளியக்கூடிய இடமெல்லாம் அவர் பீங்கான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற இடம்.

முதலில் எடுத்தது அந்தச் சிவப்புப் பாலம் இருந்த விடுதி. வடக்கே தள்ளி இருந்ததால் எடுத்தேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். அன்று மாலை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, கையிலிருந்த ஊறுகாய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடியில் நீல நாரை முத்திரை. நம் வீட்டு அலமாரியில் இருக்கிற அதே நாரை. அடுத்ததைக் கவிழ்த்தேன், அதிலும் நாரை. அடுக்கு முழுக்க நாரைகள். மூத்த பணிப்பெண்ணிடம், இதெல்லாம் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “கியோஜி சார்கிட்டதான். தங்கமான மனுஷன்! அவர் வந்தா எங்களைச் சிரிக்க வெச்சே வயித்த வலிக்க வெச்சுருவார். அடுத்த வாரம் வர்றார், நீயே பாரேன்” என்றாள். விடிந்ததும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முதல் பேருந்தில் ஏறிவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் வேலை கேட்பதற்கு முன்னாலேயே, எனக்குத் தேநீர் கொடுத்த தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அந்த முதலாளியம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: “பாருங்கடி, வேலை கேட்டு வந்தவ தட்டைத் திருப்பிப் பாக்குறா! ஏலம் எடுக்க வந்தியாம்மா?” எல்லாரும் சிரித்தார்கள். நாரை இல்லை, அதனால் நானும் சிரித்தேன். அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு பேருந்து நிறைய விருந்தாளிகள் இறங்கினார்கள். நம் ஊர் கொரியாமாக்காரர்கள். நம் கடைத்தெருச் சங்கத்தின் சுற்றுலா. அரிசிக் கடைக்காரர் மனைவி என்னைப் பார்த்து, “நம்ம கியோஜி வீட்டுப் பொண்ணு மாதிரி இல்ல?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. தட்டுகளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன், பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். என் சீப்பும் மாற்றுத் துணியும் அங்கேயே கிடக்கின்றன.

அவள் வீடு திரும்பிப் பேசியிருப்பாள். அது உங்கள் காதுக்கு வந்ததா? அவர் காதுக்கு?

இப்போது இருக்கும் விடுதி அந்தப் புத்தகத்தில் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோனே அக்கா சொன்னார். தபால் போடுவதாகச் சொன்னேனே, அந்த அம்மாள் அவர்தான். அறுவடை முடிந்த விவசாயிகள் முழங்கால் வலிக்கு வந்து தங்குகிற பழைய விடுதி. பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். பேருந்து கடைசியாக நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏற வேண்டும். ஒரே ஒரு வழிதான். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. எளிதாக யாரும் வர முடியாத இடம் என்றால், எளிதாக ஓடவும் முடியாத இடம். அந்த ஏற்றத்தின் அடியில் வெகு நேரம் நின்றேன், அத்தை. கடைசியில் கால் வலித்ததால் ஏறினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே முதலாளியம்மா ஒல்லியானவர், ஓயாமல் புகைபிடிப்பவர், குரல் கரகரவென்று இருக்கும். இங்கேயும் என் கை தானாகவே தட்டைத் திருப்பியது. அவர் புகையை விட்டுக்கொண்டே, “என் மச்சினன் சுட்ட தட்டு. ஒண்ணுகூட நேரா நிக்காது. திருடன் வந்தாக்கூடத் தொடமாட்டான்” என்றார். பிறகு என்னையே பார்த்தார். “உனக்குத் தட்டுக்குப் பயமா, தட்டு விக்கிறவனுக்குப் பயமா?” என்றார். நான் தட்டைக் கீழே வைத்தேன். “சரி, வாயத் தொறக்க வேணாம். மெத்தை தூக்குவியா?” என்றார். தூக்குவேன் என்றேன். அவ்வளவுதான். இப்படித்தான் இந்த விடுதியை எடுத்தேன்.

இங்கே ஒரு வசதி உண்டு. வருகிற எல்லாரும் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அந்த வரிசையைப் பார்த்துவிடுவேன். ஆண்கள் யாராவது சேர்ந்து சிரித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன், உடைந்துவிடும் என்று.

ஒன்றை எழுதவேண்டும். அவர் என்னிடம் வரும்போதெல்லாம் நீங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. அதற்காக உங்களை வெறுத்திருக்கிறேன். இந்தக் கோடையில் ஒரு நாள் நீங்கள் எழுந்து போய் அதை அணைத்தீர்கள். வீடு அப்படியே அடங்கிப்போயிற்று. அவர் ஓங்கிய கையோடு உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள். மறுநாள்தான் புத்தகத்தோடு வந்தீர்கள். அன்றிலிருந்து நான் உங்களைப் பற்றி வேறு மாதிரிதான் நினைக்கிறேன்.

விடுதியின் பெயரை எழுதவில்லை. நம்பாமல் இல்லை. தெரியாத ஒன்றை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, அதற்காகத்தான். நான் போன அன்று அவரிடம் என்ன சொன்னீர்கள்? அவர் நம்பினாரா? இதற்கெல்லாம் நீங்கள் பதில் எழுத முடியாது என்று தெரிந்தும் கேட்கிறேன். குளிர் வந்துவிட்டது, முழங்காலைப் போர்த்திக்கொள்ளுங்கள். இரவில் உங்கள் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஏதாவது கனமாக நகர்த்திவைத்துக்கொண்டு தூங்குங்கள்.

உங்கள் மருமகள்,
மிசாவோ


அத்தை,

முறைப்படி எதுவும் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். அவர் இங்கே வந்தார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேனாவை எடுக்க மாட்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது, மழை. நான் துவைத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தேன். மூங்கில் செருப்புகளுக்கும் ரப்பர் காலணிகளுக்கும் நடுவே பழுப்புத் தோல் காலணி ஒரு ஜோடி. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் நான் மெருகு போட்ட காலணி, எனக்கா தெரியாது? உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலாளியம்மாவும் சிரித்தார். அவரையும் சிரிக்க வைத்துவிட்டார், முடிந்தது என்று நினைத்தேன்.

ஓடினால் அந்த ஒரே வழியில்தான் ஓட வேண்டும், அங்கே அவருடைய வண்டி நிற்கும். ஆண்கள் நுழைய முடியாத ஓர் இடம்தான் நினைவுக்கு வந்தது. பெண்கள் குளிக்கும் இடத்துக்குப் போய், வாளிகள் அடுக்கியிருந்த மூலையில் துணிமூட்டையோடு உட்கார்ந்துகொண்டேன். யாரும் இல்லை. வெள்ளைத் தண்ணீர் மட்டும் ததும்பிக்கொண்டிருந்தது. அவர் பேசிவிட்டுப் போய்விடுவார், வண்டிச் சத்தம் கேட்கும்வரை அசையக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கேட்டது வண்டிச் சத்தம் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியின் கதவு நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலை அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். என் தோள் தானாகவே காதுவரை ஏறிக்கொண்டது. முதலாளியம்மாவே அவரைக் குளிக்க அனுப்பியிருக்கிறார்! என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நடுவில் இருப்பது வெறும் தேவதாருப் பலகை, அத்தை. மேலே கூரைவரை எட்டாது. கீழேயும் ஒரு சாண் இடைவெளி, தண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவர் இறங்கியதும் என் பக்கத்துத் தண்ணீர் உயர்ந்து விளிம்பில் வழிந்தது. அவர் உடம்பில் பட்ட தண்ணீர் பலகைக்கு அடியில் நுழைந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த கல்லை நனைத்தது. கால்களை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் முழங்கை பட்டு மேலே இருந்த வாளி உருண்டது. அந்தச் சத்தம் மலையே இடிந்ததுபோல இருந்தது.

“அந்தப் பக்கம் யாரும் இருக்கீங்களா?” என்றார்.

நான் துணிமூட்டையில் வாயைப் புதைத்துக்கொண்டேன்.

“இருக்கீங்க போலயே. தண்ணி ரொம்பச் சூடு, இல்ல?” என்றார் மறுபடி. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அந்த இனிப்புக் குரல். பதில் வராததால் அவரும் பேசவில்லை. அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீர்கூடச் சலசலக்கவில்லை.

அந்த நேரத்தில் யோனே அக்கா துடைப்பத்தோடு திரைத்துணியை விலக்கிக்கொண்டு வந்தார். மூலையில் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு கத்து கத்தினார்: “சூடா இருந்தா எந்திரிச்சு வெளிய போறது! வெந்து செத்தீங்கன்னா நாங்கதானே தூக்கணும்? தேய்ச்சுக் கழுவுற நேரத்துல குளிக்க வந்துட்டு, கேள்வி வேற கேக்குறாரு துரை!”

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மன்னிச்சுக்கங்க அக்கா. முதலாளியம்மாதான் குளிச்சுட்டுப் போகச் சொன்னாங்க. ஆமா, இங்க புதுசா யாராச்சும் வேலைக்கு வந்திருக்காங்களா? முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒல்லியா. இடது புருவத்துல ஒரு தழும்பு.”

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. யோனே அக்கா என் புருவத்தைப் பார்த்துக்கொண்டே, “புதுசா வந்தது ஒரு பூனைதான். அதுவும் எலி பிடிக்கத் துப்பில்லாதது” என்றார்.

“என் பொண்டாட்டி அக்கா அவ. மனசு சரியில்ல. சொல்லாம கொள்ளாம போயிட்டா. நான் ஊர் ஊரா அலையுறேன்” என்றார். குரல் உடைந்தது. நானே ஒரு நொடி பரிதாபப்பட்டேன், நம்புவீர்களா? “எனக்காக இல்லக்கா. எங்கம்மாவுக்காகத்தான். மருமவள நெனச்சு நெனச்சு அழுது, போன வாரம் மாடிப்படியில உருண்டு விழுந்து கை ஒடிஞ்சு கெடக்குறாங்க. ஒத்தக் கையால சோறு அள்ளிச் சாப்புடுறதப் பாத்தா வயிறு எரியுது. இது மட்டும் அவ காதுல விழுந்துச்சுன்னா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா. அம்மான்னா அவளுக்கு உசுரு.”

அத்தை, நம் வீட்டில் மாடிப்படி ஏது?

யோனே அக்கா “ஐயோ பாவமே” என்றார். அவருக்கு நம் வீடு தெரியாது. நான் எழுந்துவிடப் பார்த்தேன். எழுந்து பலகையை அடித்து, என்ன செய்தீர்கள் அத்தையை என்று கத்தியிருப்பேன். யோனே அக்கா துடைப்பத்தை என் தோள்மேல் வைத்து அழுத்திக்கொண்டே தரையைத் தேய்ப்பதுபோல வாளியை உருட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் உங்கள் மகன் தண்ணீரிலிருந்து எழுந்தார். துடைத்துக்கொண்டார். மெதுவாகப் போனார். அவர் யோனே அக்காவிடம்தான் அதைச் சொன்னாரா, இல்லை அந்த வாளியை யார் தள்ளியது என்று தெரிந்துகொண்டே எனக்குச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நினைக்க நினைக்க இரண்டாவதுதான் என்று படுகிறது.

வண்டி இறங்கிப் போன பிறகு முதலாளியம்மா வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “என்ன, நான் வித்துட்டேன்னு நெனச்சியா?” என்றார். “பீங்கான்காரன் எந்த விடுதிக்கு வந்தாலும் ஒரு குளியல் உண்டு. அனுப்பலன்னாதான் அவனுக்குச் சந்தேகம் வரும். நீ உள்ள இருப்பன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?” உங்கள் மகன் அவரிடம் என் படத்தைக் காட்டியிருக்கிறார். இவ்வளவு லட்சணமாக இருக்கிறவள் இந்த முட்டை நாற்றத்துக்கு எதற்கு வரப்போகிறாள் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாராம். ஒரு தட்டுகூட வாங்கவில்லை. பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, “ரொம்ப நல்லவனா இருக்கான். இந்த மாதிரி ரொம்ப நல்லவனுங்களை நான் நெறையப் பாத்தாச்சு. திரும்ப வருவான். பனி வழிய அடைக்கறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாப்பான்” என்றார்.

மறுநாள் காலை நான் மூட்டையைக் கட்டினேன். யாரும் தடுக்கவில்லை. பேருந்து நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போனேன். நான் வந்து உங்களுக்குச் சோறு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன், அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று. பேருந்து வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். படியில் ஒரு காலை வைத்தும்விட்டேன். வைத்தபோதுதான் தோன்றியது. நான் வந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் நாம் இரண்டு பேர் இருப்போம். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். காலை எடுத்துவிட்டேன். ஓட்டுநர் திட்டிக்கொண்டே போனார்.

அதனால் நான் வர மாட்டேன், அத்தை. நீங்கள் வாருங்கள்.

முதலாளியம்மாவிடம் கேட்டுவிட்டேன். “கிழவிக்கு என்ன தெரியும்?” என்றார். ஊறுகாய் போடுவார் என்றேன். “ஒத்தக் கையால முள்ளங்கி அறுக்க முடியாது. கை சேர்ந்தப்புறம் அறுக்கட்டும். அதுவரைக்கும் சும்மா உக்காந்து என்கூட வம்பு பேசட்டும், இங்க எவளுக்கும் பேசத் தெரியல” என்றார். அவர் சரி என்று சொல்லும் விதம் அது.

விடுதியின் பெயர் சுகிநோயு. எழுதிவிட்டேன். ஷின்ஜோ ரயில் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் இடது பக்கம் மலைக்குப் போகிற பேருந்து நிற்கும். கடைசிவரை வாருங்கள். சிவப்பு ரப்பர் காலணி போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் ஒவ்வொரு மதியப் பேருந்துக்கும் வந்து நிற்பார், அவர்தான் யோனே அக்கா. வாய் நீளம், பயப்படாதீர்கள். கைக்கட்டு பார்க்க மருத்துவமனைக்குப் போகிறேன் என்று கிளம்புங்கள். ஹிசானோ அக்கா கூட வருவார் என்று நம்புகிறேன், அவரையும் இதில் இழுக்க எனக்கு மனசே இல்லை. எதையும் எடுத்து வராதீர்கள். மாமாவின் படத்தை எடுத்தால் அவர் கவனிப்பார் என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

நீங்கள் யோசிப்பீர்கள். அவர் உங்கள் பிள்ளை. பெற்றவளுக்கு வாசற்படி தாண்டுவது எனக்கு இருந்த மாதிரி இருக்காது. ஆனால் அவரை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. கை சேரும்வரை வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்குள் பனி விழுந்து வழி அடைந்துவிடும். அடைந்த பிறகு என்ன செய்ய முடியும், வசந்தம்வரை இருக்கத்தானே வேண்டும்?

மலை உச்சியில் இன்றைக்கு வெள்ளை தெரிகிறது. சீக்கிரம், அத்தை.

மிசாவோ


அன்புள்ள ஹிசானோ அக்கா,

இது இந்த வருடத்தின் கடைசிப் பேருந்தில் கீழே போகும் கடிதம். நாளையிலிருந்து வழி இல்லை என்கிறார்கள். எனக்குப் பனியைக் கண்டால் இவ்வளவு நாள் பயமாக இருந்தது. இன்று காலை அது ஜன்னல்வரை ஏறியிருப்பதைப் பார்த்து, வந்ததிலிருந்து முதல் முறையாக வாசல் பக்கம் போகாமலேயே வேலையைத் தொடங்கினேன்.

அத்தை வந்து சேர்ந்துவிட்டார். பேருந்திலிருந்து இறங்கும்போது மருத்துவமனைப் பை ஒன்று, கழுத்தில் தொங்கும் கைக்கட்டு, நீங்கள் சுருட்டி அலங்கரித்துவிட்ட தலை. யோனே அக்கா பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கா வந்திருக்கீங்க? மாப்பிள்ளை யாரு?” என்று கேட்டார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அழுதார். நீங்கள் ரயில் கிளம்பும்வரை நடைமேடையில் நின்றதாகச் சொன்னார். இதற்கு நான் என்ன சொல்லி நன்றி எழுதுவது?

முதல் நாள் வெந்நீருக்கு அழைத்துப்போய், கட்டு நனையாமல் முதுகைத் தேய்த்துவிட்டேன். என் முதுகில் இருப்பவைதான் அவர் முதுகிலும் இருந்தன, சில இன்னும் மஞ்சளாகக்கூட மாறவில்லை. பிறகு அவர், “தண்ணி நல்லா இருக்கு. நல்ல இடமாத்தான் எடுத்திருக்க” என்றார்.

அத்தையின் மகன் உங்கள் கடைக்கு வருவார், அக்கா. ஒருவேளை வந்துவிட்டாரோ என்னவோ. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் வருவார். கடையில் தனியாக இருக்காதீர்கள். மாலையில் உங்கள் தம்பியை வந்து உட்காரச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். அவர் மிரட்டினால் விடுதியின் பெயரைச் சொல்லிவிடுங்கள், உங்கள் மேல் ஒரு விரல் படக் கூடாது. வசந்தத்துக்குள் நாங்கள் இன்னும் மேலே எங்காவது போய்விடுவோம். முதலாளியம்மாவுக்குத் தெரிந்த விடுதிகள் இருக்கின்றனவாம்.

அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரமாக ஒன்றைக் கேட்கச் சொல்கிறார். கேட்கமாட்டேன் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார், தேநீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளை உங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது இளைத்திருக்கிறானா, ராத்திரிக்கு ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறானா என்று மட்டும் பார்ப்பீர்களா என்கிறார்.

கேட்டுவிட்டேன். பதில் எழுதாதீர்கள், அக்கா. வழி அடைந்துவிட்டது, கடிதம் வராது என்று அத்தையிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் கை தொட்ட தலையெல்லாம் நன்றாக இருக்கட்டும். உங்கள் கதவை யாரும் ஓங்கித் தட்டாமல் இந்தக் குளிர்காலம் போகட்டும்.

அன்புடன்,
மிசாவோ